நெடுஞ்சாலையில் மின்சார வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?

2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் தில்லி அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டாட்டா நிறுவனத்தின் நெக்ஸான் மின்சார வண்டிக்கு அளித்து வந்த மானியத்தை நிறுத்தி வைப்பதாக அந்த அறிவிப்பு கூறியது. காரணம் என்ன? ஒரு முறை முழுதாக மின்னேற்றம் செய்தால் 312 கிலோமீட்டர் ஓடும் என்று அந்த வண்டி சான்று பெற்றிருந்தது. ஆனால் 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று வாங்கியவர்களிடமிருந்து முறையீடு வந்திருந்தது. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் அரசின் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று ஆராய்வது நம் வேலையன்று. நமக்கு உரிய கேள்வி வேறு. 312 என்ற எண்ணும் உண்மையாக இருந்து, 200 என்ற எண்ணும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றால், அது எப்படி?

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. ஒரு குடும்பம் பல லட்சம் ரூபாயை இந்த ஓர் எண்ணை நம்பிச் செலவிடுகிறது. எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் இரவு நேரத்தில் முதியவர்களோடும் குழந்தைகளோடும் நடுவழியில் நிற்க நேரிடலாம். அல்லது, நல்லதொரு வண்டியை ‘ஏமாற்று வண்டி’ என்று ஒதுக்கிவிடவும் நேரிடலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலே இதற்கு விடை தரும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? வாருங்கள், பார்ப்போம்.

நாற்பது யூனிட் மின்சாரம்

மின்சார வண்டியின் அடிப்பகுதியில் தட்டையாகப் பரப்பி வைக்கப்பட்டிருக்கும் மின்கல அடுக்கைத்தான் பேட்டரி என்கிறோம். அதில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதைக் கிலோவாட் மணி என்னும் அலகால் குறிப்பார்கள். இது உங்களுக்குப் புதிய அலகு அன்று. வீட்டு மின் கட்டண அட்டையில் ‘ஒரு யூனிட்’ என்று குறிக்கப்படுவது இதுவேதான். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட் செலவாகிறது.

நம் நாட்டில் ஓடும் நடுத்தர மின்சார எஸ்.யு.வி. வண்டிகளில் 30 முதல் 60 யூனிட் வரை கொள்ளும் பேட்டரிகள் உள்ளன. எஸ்.யு.வி. என்பது தரையிலிருந்து உயர்ந்தும், அகன்றும் கட்டப்பட்ட வண்டி வகை. நம் கணக்குக்கு 40 யூனிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம்.

40 யூனிட் என்பது எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அப்படியானால் 40 யூனிட் என்பது நாலரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்! பெட்ரோல் கார் ஒன்று நாலரை லிட்டரை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பயணம் கிளம்புமா? கிளம்பாது. மின்சார வண்டி கிளம்புகிறது. காரணம், பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கைப் பெரும்பாலும் வெப்பமாக வீணாக்குகிறது. மின் மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

ஆகவே மின்சார வண்டி சிக்கனமானது. ஆனால் கையிருப்பு குறைவு. கையிருப்பு குறைவாக இருப்பவர் ஒவ்வொரு செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் செலவுகள் எவை?

வண்டியை இழுத்துப் பிடிப்பவை

சமதளச் சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் எதிர்க்கின்றன. ஒன்று, உருளும் உராய்வு. டயர் தரையில் பதியும்போது நசுங்குகிறது; மேலெழும்போது மீண்டும் விரிகிறது. இப்படி நசுங்கி விரிவதில் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. நெடுநேரம் ஓடிய வண்டியின் டயர் சூடாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இந்த விசை வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் அதிகம் மாறுவதில்லை.

மற்றொன்று, காற்றுத் தடை. இதுவே நெடுஞ்சாலையின் முதல் எதிரி. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகிறது. ஏன்? வேகம் இரு மடங்கானால், ஒவ்வொரு விநாடியிலும் வண்டி முட்டித் தள்ள வேண்டிய காற்றின் அளவு இரு மடங்காகிறது. அத்துடன், அந்தக் காற்றை இரு மடங்கு வேகத்தில் விலக்கவும் வேண்டும். இரண்டும் இரண்டும் பெருக்கினால் நான்கு.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மெதுவாக மிதிக்கும்போது காற்று இருப்பதே தெரியாது. வேகமாக மிதிக்கும்போது அதே காற்று சுவராக நின்று மறிக்கும்.

ஒரு மாதிரி வண்டி

இப்போது ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வண்டியும் அதில் அமர்ந்திருப்பவர்களும் சேர்ந்து 1800 கிலோகிராம். உருளும் உராய்வுக் கெழு 0.01. எனவே உருளும் உராய்வு 0.01 × 1800 × 9.8 = 176 நியூட்டன்.

காற்றுத் தடையைக் காண மூன்று எண்கள் வேண்டும்: காற்றின் அடர்த்தி, வண்டியின் முன்பரப்பு, வடிவக் கெழு. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். முன்பரப்பையும் வடிவக் கெழுவையும் பெருக்கினால் இத்தகைய வண்டிக்கு ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர் வரும். அடர்த்தியில் பாதியை 0.8 ஆல் பெருக்கி, வேகத்தின் வர்க்கத்தால் மீண்டும் பெருக்கினால் காற்றுத் தடை கிடைக்கும். வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மணிக்கு 100 கி.மீ. என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். காற்றுத் தடை 370 நியூட்டன். உருளும் உராய்வையும் சேர்த்தால் 546 நியூட்டன். இந்த விசையை எதிர்த்து ஒரு கிலோமீட்டர் செல்ல 5,46,000 ஜூல் வேண்டும். 3600 ஆல் வகுத்தால் 152 வாட் மணி. பேட்டரியிலிருந்து சக்கரம் வரை வந்து சேர்வது 85 விழுக்காடு என்று கொண்டால், பேட்டரி கொடுக்க வேண்டியது 178 வாட் மணி. குளிர்சாதனம், விளக்கு முதலியவற்றுக்கு 1000 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு மேலும் 10 வாட் மணி. ஆக மொத்தம் 188 வாட் மணி. 40 யூனிட்டை, அதாவது 40,000 வாட் மணியை 188 ஆல் வகுத்தால் 212 கிலோமீட்டர்.

இப்படியே நான்கு வேகங்களுக்கும் கணக்கிட்டதைக் கீழே காண்க.

| வேகம் (மணிக்கு கி.மீ.) | காற்றுத் தடை (நியூட்டன்) | ஒரு கி.மீ.க்குச் செலவு (வாட் மணி) | ஓடும் தூரம் (கி.மீ.) |
|---|---|---|---|
| 50 | 93 | 108 | 370 |
| 80 | 237 | 147 | 272 |
| 100 | 370 | 188 | 212 |
| 120 | 533 | 240 | 167 |

அட்டவணையை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். வண்டி ஒன்றே, பேட்டரி ஒன்றே, சாலையும் ஒன்றே. வேகம் மட்டும் மாறுகிறது. ஓடும் தூரம் 370 இலிருந்து 167 ஆகச் சரிந்துவிடுகிறது! 50 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை, உருளும் உராய்வில் பாதிதான் இருந்தது. 120 கி.மீ. வேகத்தில் அது மூன்று மடங்காகிவிட்டது. ‘இந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதை இதிலிருந்தே உணரலாம். ‘எந்த வேகத்தில்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் சொல்வது தவறா?

‘நகரத்துக்குள் ஓட்டினால் மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் ஓட்டினால் கூடும்’ என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெட்ரோல், டீசல் வண்டிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. மின்சார வண்டியில் அது தலைகீழாகிவிடுகிறது.

பெட்ரோல் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போதும் எரிபொருளைக் குடிக்கிறது. மெதுவாக ஓடும்போது அதன் பயனுறுதிறன் மிகவும் குறைவு. நெடுஞ்சாலையில் சற்று உழைக்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. அங்கேயும் காற்றுத் தடை கூடத்தான் செய்கிறது. ஆனால் எஞ்சினின் பயனுறுதிறன் உயர்ந்துவிடுவதால் அந்த இழப்பு மறைந்துபோகிறது.

மின் மோட்டார் அப்படியன்று. நிற்கும்போது மோட்டார் மின்சாரம் எடுப்பதில்லை. மெதுவாக ஓடும்போதும் அதன் பயனுறுதிறன் நன்றாகவே இருக்கிறது. மேலும் அதற்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே சைக்கிள் டைனமோபோல மின்னாக்கியாக மாறிவிடுகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் மின்னாற்றலாகிப் பேட்டரிக்குத் திரும்புகிறது.

நம் மாதிரி வண்டி 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 48 வாட் மணி. பெட்ரோல் காரில் பிரேக் போட்டால் இது முழுவதும் பிரேக் தகட்டின் சூடாக வீணாகும். மின்சார வண்டியில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் நகரத்தில் இந்தச் சேமிப்பு பெரிது. நெடுஞ்சாலையில் பிரேக் போடும் வாய்ப்பே குறைவு. ஆகவே திரும்பப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை. காற்றைத் தள்ளுவதில் செலவான ஆற்றலை எந்த மோட்டாராலும் மீட்க முடியாது.

சோதனைக் கூடத்தில் நடப்பது என்ன?

இனி 312 என்ற எண் பிறந்த இடத்துக்குச் செல்வோம். நம் நாட்டில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளில் ஒன்று புனேயில் உள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம். அங்கே வண்டியைச் சாலையில் ஓட்டி ஓட்டத் தூரத்தை அளப்பதில்லை. வண்டியின் சக்கரங்கள் பெரிய இரும்பு உருளைகளின்மேல் நிறுத்தப்படும். சக்கரம் சுழலும், உருளையும் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையில் அந்த வண்டி சந்திக்கும் எதிர்ப்புக்கு ஈடான எதிர்ப்பை உருளைகள் கொடுக்கும். எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்பே வகுத்து வைக்கப்பட்டிருக்கும். இதற்கு இந்திய ஓட்டச் சுழற்சி என்று பெயர்.

இச்சுழற்சியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி நகர ஓட்டம். 780 விநாடிகளில் சுமார் 4 கி.மீ. ஓட்டம், மிகுந்த வேகம் 50 கி.மீ.; சராசரி வேகம் 19 கி.மீ.தான். இரண்டாம் பகுதி நகருக்கு வெளியே ஓடும் ஓட்டம். 400 விநாடிகளில் சுமார் 6.6 கி.மீ.; மிகுந்த வேகம் 90 கி.மீ.; சராசரி சுமார் 59 கி.மீ. சோதனையின்போது குளிர்சாதனம் இயங்காது. எதிர்க்காற்று இல்லை, மேடு இல்லை, மழை இல்லை.

எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க இப்படி ஒரு சோதனை தேவைதான். ‘இந்த வண்டியைவிட அந்த வண்டி சிக்கனமானது’ என்று ஒப்பிட இது உதவும். ஆனால் ‘நாளை காலை நான் திருச்சிக்குப் போய்ச் சேருவேனா?’ என்ற கேள்விக்கு இது விடை சொல்லாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முன்பு நம் நாட்டில் மின்சாரக் கார்களுக்கு முதற்பகுதியை, அதாவது நகர ஓட்டத்தை மட்டும் வைத்தே ஓடும் தூரத்தை விளம்பரப்படுத்தி வந்தார்கள். 2024ஆம் ஆண்டில் இரண்டு பகுதிகளையும் சேர்த்துச் சொல்லும் முறை வந்தது. 40.5 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸான் வண்டிக்கு அதுவரை 465 கி.மீ. என்று அறிவிக்கப்பட்டிருந்தது, புதிய முறையில் அது 390 கி.மீ. ஆயிற்று. வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. சோதனையில் சற்று வேகமான பகுதியைச் சேர்த்தார்கள், 75 கி.மீ. மறைந்துவிட்டது! இதே நிறுவனம் 2024 முதல், வாங்கியவர்களுள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு உண்மையில் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்ற மதிப்பீட்டையும் தனியே வெளியிட்டு வருகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள சோதனையில் வேகம் 131 கி.மீ. வரை செல்லும். எனினும் அங்கும் சராசரி வேகம் 46.5 கி.மீ.தான். அமெரிக்காவிலோ, ஆய்வகத்தில் கிடைத்த தூரத்தைப் பொதுவாக 0.7 ஆல் பெருக்கிக் குறைத்த பிறகே மக்களுக்கு அறிவிக்கிறார்கள். ஒரே வண்டிக்கு மூன்று நாடுகளில் மூன்று எண்கள் வருவது இதனால்தான்.

உயரமும் அகலமும் கேட்கும் விலை

எஸ்.யு.வி. வண்டியில் ஏறி இறங்குவது எளிது; பள்ளம் மேடுகளைப் பற்றிக் கவலை இல்லை; சாலை நன்றாகத் தெரியும். இவையெல்லாம் அதன் உயரத்தால் வரும் நன்மைகள். ஆனால் உயர்ந்த, அகன்ற உடல் கூடுதல் காற்றை முட்ட வேண்டியிருக்கிறது. தாழ்வாகவும் வழவழப்பான வளைவோடும் கட்டப்பட்ட கார் ஒன்றுக்கு, முன்பரப்பையும் வடிவக் கெழுவையும் பெருக்கிய எண் 0.8 க்குப் பதிலாக 0.6 ஆக இருக்கலாம். எடையும் பேட்டரியும் மாறாமல் இதை மட்டும் மாற்றிக் கணக்கிட்டால், 100 கி.மீ. வேகத்தில் 212 கி.மீ. ஓடிய இடத்தில் ஏறத்தாழ 253 கி.மீ. ஓடும். வெறும் உடல் வாகு தரும் பரிசு 40 கி.மீ.! நகரத்துக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. நெடுஞ்சாலையில்தான் தெரியும்.

காற்றும் மலையும் குளிரும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் செல்பவர்கள் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைக் கண்டிருப்பார்கள். அங்கே தென்மேற்குப் பருவக் காற்று பலமாக வீசும். அத்தகைய சாலையில் மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் நம் வண்டி 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். வேகமானி 80 என்றே காட்டும். ஆனால் காற்றைப் பொறுத்தவரை வண்டியின் வேகம் 100. காற்றுத் தடை 237 இலிருந்து 370 நியூட்டனாக உயர்ந்துவிடும். ஓடும் தூரம் 272 இலிருந்து ஏறக்குறைய 210 கி.மீ. ஆகக் குறையும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளி உதவும்.

மலைப்பாதையின் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் உயரம் சுமார் 1900 மீட்டர். 1800 கிலோகிராம் எடையை அவ்வளவு உயரம் தூக்க 9.3 யூனிட் வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 11 யூனிட். ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவுக்குள், பேட்டரியில் கால் பங்குக்கு மேல் உயரம் ஏறுவதற்கே போய்விடும்! ஆனால் மலை, காற்றைப் போல இரக்கமற்றது அன்று. இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாகி, கொடுத்ததில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தந்துவிடும்.

குளிர்சாதனத்தின் செலவு வேறு விதமானது. அது கிலோமீட்டர் கணக்கில் அன்று, மணிக்கணக்கில் செலவாகிறது. 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு 10 வாட் மணி; நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 50 வாட் மணி! ஆகவே ‘குளிர்சாதனத்தை அணைத்தால் தூரம் கூடும்’ என்பது நகர நெரிசலில் பெரிய உண்மை. நெடுஞ்சாலையில் சிறிய உண்மை. நெடுஞ்சாலையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பதைவிட வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைப்பது பயன் தரும்.

கடுங்குளிர் நாடுகளில் தொல்லை இன்னும் அதிகம். குளிரில் லித்தியம் அயனி மின்கலத்தின் உள்மின்தடை கூடுகிறது. வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கவும் பேட்டரியே மின்சாரம் தர வேண்டும். எஞ்சினின் வீண் வெப்பம் இங்கே கிடையாதல்லவா? நார்வே நாட்டில் மோட்டார் வண்டி உரிமையாளர் சங்கம் 2020 முதல் பனிக்காலத்தில் பல மின்சார வண்டிகளை உண்மையான சாலையில், பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்க்கிறது. 2024ஆம் ஆண்டுச் சோதனையில் சில வண்டிகள் சான்றிதழ்த் தூரத்தில் சிறிதளவே இழந்தன. வேறு சில 30 விழுக்காடு அளவுக்கு இழந்தன. தமிழ்நாட்டில் இந்தக் கவலை நமக்கு இல்லை.

நூறிலிருந்து சுழி வரை யாரும் ஓட்டுவதில்லை

இதுவரை பேட்டரி முழுவதையும் தீர்த்துவிடுவதாகக் கணக்கிட்டோம். நடைமுறையில் அப்படிச் செய்வது அறிவுடைமை ஆகாது. அடுத்த மின்னேற்ற நிலையம் பழுதாகி இருக்கலாம். வரிசை நீண்டு நிற்கலாம். எனவே 10 விழுக்காடாவது கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்பக்கமும் ஒரு வரம்பு உண்டு. விரைவு மின்னேற்றத்தில் 80 விழுக்காடு வரை மளமளவென ஏறும். அதன் பிறகு ஆமை வேகம்தான். பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலியாக இருக்கும்போது ஏறுகிறவர்கள் உடனே இடம் பிடித்து அமர்கிறார்கள். பேருந்து நிறைய நிறைய, கடைசியில் ஏறுகிறவர் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மின்கலத்தின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனிகள் இடம் பிடிப்பதும் இப்படித்தான். அவசரப்படுத்தித் திணித்தால், உள்ளே நுழைய முடியாத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிந்து மின்கலத்தைக் கெடுத்துவிடும். ஆகவே வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது.

எனவே வழியில் மின்னேற்றிக்கொண்டு செல்பவருக்கு உண்மையில் பயன்படுவது 10 முதல் 80 வரை, அதாவது 70 விழுக்காடுதான். 100 கி.மீ. வேகத்தில் 212 கி.மீ. என்றோமே, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே அது 148 கி.மீ. ஆகிவிடுகிறது.

முயலா, ஆமையா?

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. முழு மின்னேற்றத்தோடு கிளம்பி, 10 விழுக்காடு மீதியோடு போய்ச் சேர வேண்டும். கிளம்பும்போது உள்ள 40 யூனிட்டில் 36 யூனிட்டைச் செலவிடலாம். மீதியை வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சராசரியாக 30 கிலோவாட் திறனில் மின்னேற்றம் நடக்கிறது என்று கொள்வோம். எந்த வேகத்தில் சென்றால் முதலில் சேருவோம்?

80 கி.மீ. வேகத்தில்: ஓட்டம் 4 மணி 8 நிமிடம். தேவை 48.5 யூனிட், வழியில் 12.5 யூனிட் ஏற்ற 25 நிமிடம். மொத்தம் 4 மணி 33 நிமிடம்.

100 கி.மீ. வேகத்தில்: ஓட்டம் 3 மணி 18 நிமிடம். தேவை 62 யூனிட். வழியில் 26 யூனிட் ஏற்ற 52 நிமிடம். மொத்தம் 4 மணி 10 நிமிடம்.

120 கி.மீ. வேகத்தில்: ஓட்டம் 2 மணி 45 நிமிடம். தேவை 79.2 யூனிட், வழியில் 43.2 யூனிட் ஏற்ற 86 நிமிடம். மொத்தம் 4 மணி 11 நிமிடம்.

பார்த்தீர்களா! 120 இல் பறந்தவர், 100 இல் சென்றவரைவிட ஒரு நிமிடம் பின்தங்கிவிட்டார். அதுமட்டுமா? 43 யூனிட்டை ஒரே நிறுத்தத்தில் ஏற்ற முடியாது. அவர் இரண்டு முறை நிற்க வேண்டும். கூடுதல் மின்சாரத்துக்குக் காசும் கொடுக்க வேண்டும். விபத்து அபாயத்தையும் சுமக்க வேண்டும்.

மின்னேற்ற நிலையத்தில் கிடைக்கும் திறன் 15 கிலோவாட்டாகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? ஏற்றும் நேரம் எல்லோருக்கும் இரட்டிப்பாகும். 80 இல் சென்றவர் 4 மணி 58 நிமிடத்தில் சேருவார். 100 இல் சென்றவர் 5 மணி 2 நிமிடத்தில். 120 இல் சென்றவர் 5 மணி 38 நிமிடத்தில். இப்போது ஆமையே வென்றுவிட்டது! பயண நேரத்தை முடிவு செய்வது ஓட்டுநரின் கால் மட்டும் அன்று; வழியில் உள்ள மின்னேற்றியின் திறனும்தான்.

இரண்டு எண்களும் உண்மையே

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். 2021இல் பேசப்பட்ட அந்த வண்டியின் பேட்டரி 30.2 யூனிட். 312 கி.மீ. ஓட வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு 97 வாட் மணிதான் செலவாக வேண்டும். நம் மாதிரி வண்டி அதே வண்டி அன்று. எனினும் அட்டவணையோடு ஒப்பிடலாம். 50 கி.மீ. வேகத்தில், குளிர்சாதனத்துடன் 108. குளிர்சாதனம் இல்லாமல் 88. ஆகவே மெதுவான ஓட்டத்தில், குளிர்சாதனம் இயங்காத ஆய்வுக் கூடத்தில் 97 என்பது கிடைக்கக்கூடிய எண்ணே. அதே பேட்டரியில் 200 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 151 வாட் மணி. இது 80 கி.மீ. வேகத்தில் குளிர்சாதனத்தோடு செல்லும் நம் மாதிரி வண்டியின் செலவுக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே அதுவும் கிடைக்கக்கூடிய எண்ணே.

இரண்டு எண்களும் இயற்பியலுக்கு உட்பட்டவையே. குறை, முதல் எண்ணைச் சொல்லும்போது அது பிறந்த நிலைமைகளைச் சேர்த்துச் சொல்லாததில்தான் இருக்கிறது. மின்சார வண்டி வாங்குவது பற்றி உங்கள் வீட்டில் பேச்சு எழுந்தால், பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள். அதைக் கிலோமீட்டருக்கு 190 வாட் மணி என்ற செலவால் வகுத்து, அதில் பத்துக்கு ஏழு பங்கை எடுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு நம்பிச் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ அதுவே. அத்தூரத்துக்குள் மின்னேற்ற நிலையங்கள் உள்ள சாலையில் தயங்காமல் பயணம் செய்யலாம்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நம் மாதிரி வண்டி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சென்றால் 40 யூனிட்டில் எவ்வளவு தூரம் ஓடும்?

2. வண்டியின் கூரைமேல் மூட்டைகளைக் கட்டியதால் காற்றுத் தடை 20 விழுக்காடு கூடுகிறது. 100 கி.மீ. வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடும்? மூட்டைகளின் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

3. பல ஆண்டுகள் ஓடியதால் பேட்டரியின் கொள்ளளவு 36 யூனிட்டாகக் குறைந்துவிட்டது. 100 கி.மீ. வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடும்?

விடைகள்: (1) சுமார் 240 கி.மீ. (2) சுமார் 188 கி.மீ. (3) சுமார் 191 கி.மீ.